விழிக்க மறுத்த கணிப்பொறி

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு நாக்கை நீட்டச் சொல்கிறாள். நேற்று என்ன சாப்பிட்டாய், மழையில் நனைந்தாயா என்று கேட்கிறாள். எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. ஆனால் வீட்டிலுள்ள கணிப்பொறி ஒரு நாள் காலையில் கண் விழிக்காவிட்டால் மட்டும் நாம் பதறிப் போகிறோம். உடனே தூக்கிக் கொண்டு கடைக்கு ஓடுகிறோம்; இல்லையென்றால், “நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டாய்” என்று வீட்டிலுள்ள பெண்பிள்ளையைக் கடிந்து கொள்கிறோம்.

இக்கட்டுரையை எழுதும் நாங்கள் பதினோராம் வகுப்பின் கணிப்பொறிப் பிரிவு மாணவியர். நாங்கள் வல்லுநர்கள் அல்லர். சென்ற கார்த்திகை மாதத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் கண்டதையும், அதையொட்டி எங்கள் ஆசிரியையிடம் கேட்டும் படித்தும் அறிந்து கொண்டதையும் உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம்.

ஒரு கணக்கும் ஒரு கவலையும்

எங்கள் தோழியின் வீடு தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது. வெள்ளிக் கடற்கரைக்கு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. தோழியின் தாயார் 14 பெண்கள் அடங்கிய மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கணக்கை எழுதி வருகிறார். அவர்களில் பெரும்பாலோர் மீன் விற்பவர்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு வங்கியின் பாஸ் புத்தகம் சாட்சி. ஆனால் குழுவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் வாங்கிய கடன், திருப்பியது, பாக்கி என்ற உள்கணக்கெல்லாம் அந்தத் தாயாரிடம் மட்டுமே இருந்தன.

முன்பு அவர் அவற்றை நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதி வந்தார். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கூரைத் தகடு பறந்து, நோட்டு நனைந்து, மை கரைந்து போயிற்று. அதன் பிறகே, இனிக் கணக்கு நனையக் கூடாது என்று, அலுவலகம் ஒன்றில் கழித்த பழைய கணிப்பொறியை வாங்கி அதில் எழுதத் தொடங்கினார்.

அந்தக் கணிப்பொறிதான் ஒரு வியாழக்கிழமை விழிக்கவில்லை. திங்கட்கிழமை வங்கியிலிருந்து கணக்குப் பார்க்க வருவதாக இருந்தது. கடை ஒன்றில் காட்டியபோது, “மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 6,500 ரூபாய் ஆகும், டிஸ்க்கையும் ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும்” என்றார்களாம். ஃபார்மட் என்றால் எல்லாவற்றையும் துடைத்து அழிப்பது என்பது அவருக்குத் தெரியும். பெட்டியை ஆட்டோவில் வைத்துத் திரும்பக் கொண்டு வந்துவிட்டார். “பணம் போனாலும் சம்பாதிக்கலாம். பதினாலு பேர் என்னை நம்பிக் கொடுத்த கணக்கு போச்சுன்னா, நான் எந்த முகத்தோட தெருவுல நடப்பேன்?” என்று அவர் கலங்கியதை எங்கள் தோழி வகுப்பில் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை, எங்கள் கணிப்பொறி ஆசிரியையுடன் நாங்கள் நால்வர் அங்கே சென்றோம்.

பள்ளி விழிப்பது போல

பெட்டியைத் தொடுமுன் ஆசிரியை எங்களை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார்: “நம் பள்ளிக்கூடம் காலையில் எப்படி விழிக்கிறது?”

முதலில் காவலர் வாசற்கதவைத் திறக்கிறார். பிறகு மணி அடிக்கிறது. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிறார்கள். அதன் பின் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுக்கிறோம். கடைசியாகத்தான் பாடம் தொடங்குகிறது. இவற்றில் ஒன்று நின்றால் அதற்கு அடுத்தவையும் நின்றுவிடும். பாடம் நடக்கவில்லை என்பதற்காகப் புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. அன்று வாசற்கதவே திறக்காமல் இருந்திருக்கலாம். கணிப்பொறியும் இப்படியே படிப்படியாக விழிக்கிறது. எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால், பழுது பாதி தீர்ந்தது போலத்தான்.

முதற்படி மின்சாரம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் கணிப்பொறியின் மென்மையான உறுப்புகள் தாங்கமாட்டா. எஸ்.எம்.பி.எஸ். என்னும் இரும்புப் பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது.

இரண்டாம் படி அனுமதி மணி. மின்சாரம் வந்தவுடன் கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர் வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. எஸ்.எம்.பி.எஸ். தான் தரும் மின்னழுத்தங்கள் எல்லாம் நிலைபெற்றனவா என்று பார்த்து, ‘எல்லாம் சரி’ என்று ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. இதற்கு அரை வினாடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. அந்த மணி அடிக்கும் வரை பிராசஸர் அசையாமல் காத்திருக்கும்.

மூன்றாம் படி வருகைப்பதிவு. மதர்போர்டில் பயாஸ் என்ற சிறிய நிரல் ஒன்று ஒரு சில்லுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. புதிய கணிப்பொறிகளில் யு.இ.எஃப்.ஐ. என்ற நிரல் இதே வேலையைச் செய்கிறது. ‘ராம் வந்திருக்கிறதா? திரைக்குப் படம் அனுப்பும் பகுதி வந்திருக்கிறதா? விசைப்பலகை?’ என்று அது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறது. முக்கியமான ஒருவர் வராவிட்டால், திரையில் எழுதிச் சொல்ல வழியில்லாத நேரமாதலால், ‘பீப்’ என்று ஒலி எழுப்பி முறையிடுகிறது.

நான்காம் படி, ஹார்ட் டிஸ்க் என்னும் அலமாரியைத் திறந்து விண்டோஸ் அல்லது லினக்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வருவது. ஐந்தாம் படி, அந்த விண்டோஸோ லினக்ஸோ பொறுப்பை ஏற்றுக் கொண்டு நமக்குத் தெரிந்த திரையைக் காட்டுவது.

எந்த மௌனம் எதைச் சொல்கிறது?

இப்படிகளை அறிந்தபின், கணிப்பொறி விழிக்க மறுக்கும் விதத்தைக் கொண்டே பழுது எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பொத்தானை அமுக்கியும் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் முதற்படியைப் பாருங்கள். அதே ப்ளக்கில் ஒரு மேசை விளக்கைச் செருகினால் சுவரில் மின்சாரம் உண்டா என்பது தெரியும். இடையில் யு.பி.எஸ். இருந்தால் அதை விலக்கி நேராகச் சுவரில் இணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் கணிப்பொறி நலமாக இருக்க, யு.பி.எஸ்.தான் உயிர் விட்டிருக்கும். பெட்டியின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ். மீது ஒரு சிறு சுவிட்ச் உண்டு. துடைக்கும்போது துணி பட்டு அது அணைந்திருக்கலாம். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அதை ஒருபோதும் தொடாதீர்கள். நம் நாட்டில் அதை 115-இல் வைத்துப் போட்டால் எஸ்.எம்.பி.எஸ். வெடித்துவிடும்.

விசிறி ஒரு கணம் சுற்றி உடனே நின்றுவிட்டால், எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது என்றோ, எஸ்.எம்.பி.எஸ். சுமை தாங்கவில்லை என்றோ பொருள். பிரிண்டர், பென் டிரைவ் முதலிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முயல வேண்டும்.

விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் முதலில் மானிட்டரைப் பாருங்கள். அது ‘நோ சிக்னல்’ என்று காட்டினால் மானிட்டருக்கு நோய் இல்லை. அதற்குச் செய்தி வரவில்லை என்றுதான் பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம். கேபிள் சரியாக இருந்தால் கோளாறு மூன்றாம் படியில்; பீப் ஒலியைக் கூர்ந்து கேளுங்கள். பல பழைய பெட்டிகளில் ஒரே ஒரு குறுகிய பீப் நலத்தின் அடையாளம். விட்டுவிட்டு நீண்டு ஒலிப்பது பெரும்பாலும் ராம் பற்றிய முறையீடு. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அந்தந்த மதர்போர்டின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

எழுத்துகள் தோன்றி, ‘ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்பது போன்ற செய்தியோடு நின்றால் நான்காம் படி. அப்போது பதறாமல், பெட்டியில் யாராவது பென் டிரைவைச் செருகி மறந்துவிட்டார்களா என்று பாருங்கள். பாவம், கணிப்பொறி அதற்குள் விண்டோஸைத் தேடிக் கொண்டிருக்கும்! அதை எடுத்தாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

விண்டோஸின் படம் வந்து, வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தால் ஐந்தாம் படி. ஆனால் ‘அப்டேட்’ நடக்கிறது என்று எழுதியிருந்தால் மட்டும் அணைத்துவிடாதீர்கள். பழைய கணிப்பொறிகளில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

தேவனாம்பட்டினத்தில் நாங்கள் கண்டது

தோழியின் வீட்டில் பொத்தானை அமுக்கினோம். பச்சை விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. திரை கறுப்பு. ஆனால் பெட்டிக்குள்ளிருந்து நீண்ட பீப் ஒன்று, சற்று இடைவெளி, மறுபடியும் நீண்ட பீப் என்று கேட்டுக் கொண்டே இருந்தது.

ஆசிரியை புன்னகை செய்தார். “மதர்போர்டு போய்விட்டது என்றார்களே, போன மதர்போர்டு இப்படிக் கூப்பிடுமா? அழுகிற குழந்தைக்கு உயிர் இருக்கிறது என்றுதானே பொருள்?” என்றார். மின்சாரம் வந்திருக்கிறது, அனுமதி மணி அடித்திருக்கிறது, பயாஸ் விழித்து வருகைப்பதிவும் தொடங்கிவிட்டது. யாரோ ஒருவர் மட்டும் வரவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் தோழியின் தாயார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெட்டியைத் திறக்குமுன் ஆசிரியை மூன்று விதிகளைச் சொன்னார். செய்வதை எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். எளியதையும் செலவில்லாததையும் முதலில் செய்து பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியான பின்னும் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும்.

பின்பு ப்ளக்கைப் பிடுங்கினோம். முன்புறப் பொத்தான் மின்சாரத்தை முழுவதும் நிறுத்துவதில்லை. ப்ளக் செருகியிருக்கும் வரை மதர்போர்டில் 5 வோல்ட் காத்துக் கொண்டே இருக்கும். ஆகவே ப்ளக்கைப் பிடுங்கியபின் பொத்தானைச் சில வினாடிகள் அமுக்கிப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தையும் வடிய விட்டோம். பெட்டியின் பூச்சில்லாத இரும்பைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக் கொண்டோம். அந்த மின்சாரம் 3,000 வோல்ட் அளவுக்கு ஏறினால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். ஆனால் சில நூறு வோல்ட்டே ஒரு சில்லைக் கெடுத்துவிடக் கூடும். நைலான், பட்டு ஆடைகளோடு இந்த வேலைக்கு உட்காராதிருப்பது நலம்.

கழற்றிய திருகாணிகளை ஒரு ஜாடி மூடியில் போட்டு வைத்தோம். உள்ளே கம்பளி போலத் தூசி. ஒரு மூலையில் பல்லி முட்டையின் வெற்று ஓடுகள் இரண்டு! நாங்கள் முகம் சுளித்தபோது, 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்ற கணிப்பொறி பழுதானபோது, அதன் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்ததை ஆசிரியை சொன்னார். அதைக் கண்டவர்கள் பூச்சியை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லி நுழைவது தேவனாம்பட்டினத்துக்கு மட்டும் வந்த அவமானம் அன்று என்று தெரிந்து எல்லோரும் சிரித்தோம்.

பூச்சு வேலைக்கான புதிய பிரஷ் ஒன்றால் தூசியை மெல்லத் தட்டினோம். ராம் இரண்டு துண்டுகளாக இருந்தது; ஒவ்வொன்றும் 2 ஜி.பி. இருபுறமும் உள்ள கொக்கிகளைத் தள்ளியதும் அவை எழும்பி வந்தன. ராமின் அடிவிளிம்பில் பொன்முலாம் பூசிய சிறு பற்கள் வரிசையாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அவற்றில் சில மங்கியிருந்தன. ஓரிரண்டில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. “இது நம்ம செம்புப் பானையில ஏறுற களிம்பு மாதிரி இருக்கே!” என்றார் தோழியின் தாயார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

உப்புக் காற்றின் வேலை

கடலோரத்தில் காற்று வெறும் காற்று அன்று. அலைகள் உடையும்போது நுண்ணிய உப்புத் துகள்கள் எழுந்து காற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படியிலுள்ள உப்பு ஜாடி நீர் கோத்துக் கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ஜாடிக்குள் நடக்கும் அதே வேலைதான் கணிப்பொறிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு வந்த உப்பு தூசியில் தங்குகிறது. மழைக்காலத்தில் அது ஈரமாகிறது.

பொன் களிம்பு ஏறாத உலோகமாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ராமில் உள்ள பொன்முலாம் மிக மெல்லியது. தேய்ந்த இடத்திலும் நுண்ணிய துளைகளிலும் உப்புநீர் இறங்கி, அடியிலுள்ள உலோகங்களை அரிக்கிறது. அந்தக் களிம்பு மின்சாரம் செல்லத் தடையாகிறது. ராம் தன் இடத்தில்தான் இருக்கிறது. பயாஸ் பெயர் சொல்லி அழைக்கும்போது அதற்குக் குரல் எழும்பவில்லை, அவ்வளவுதான். வெயிற்காலம் முழுவதும் நன்றாக ஓடிய கணிப்பொறி அடைமழையில் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். நாளும் ஓடும் கணிப்பொறிக்குள் தன் சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும். பல நாட்கள் போடாமல் மூடி வைத்த கணிப்பொறிக்குத்தான் ஆபத்து அதிகம். தோழியின் தாயார் மாதம் ஒரு முறை, கணக்கு எழுதும்போது மட்டுமே அதைப் போட்டு வந்தார்!

களிம்பு என்றவுடன் புளியைத் தேடாதீர்கள். புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்குக்கு நல்லவை, ராமுக்கு நஞ்சு. பென்சில் எழுத்தை அழிக்கும் மெல்லிய வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்தோம். அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும். ரப்பர் துகள்களைப் பெட்டிக்கு வெளியே வைத்துத் தட்டினோம்.

முதல் துண்டை மட்டும் செருகி, இரண்டு கொக்கிகளும் ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அமுக்கினோம். பொத்தானைப் போட்டோம். அதே பீப்! எங்கள் முகங்கள் வாடின. அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, அதை எடுத்துவிட்டு இரண்டாம் துண்டை அதே இடத்தில் வைத்தோம். போட்டோம். ஒரே ஒரு குறுகிய பீப். பிறகு திரையில் வெள்ளை எழுத்துகள்!

அதோடு முடிந்துவிடவில்லை. தேதி சரியில்லை, எஃப் 1 விசையை அமுக்கு என்று திரை கேட்டது. ஆண்டு 2009 என்று காட்டிற்று. மதர்போர்டில் 25 காசு நாணயம் போல, ஆனால் அதைவிடச் சற்றுப் பெரிதாக, சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுவே. எங்கள் மீட்டரில் அது 1.9 வோல்ட்தான் காட்டியது. இது தீர்ந்தால் தேதி மாறிப் போகும். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற குறிப்பும் சில பெட்டிகளில் மறந்து போகும். தேதி தவறாக இருந்தால் வங்கி, கல்லூரி விண்ணப்பம் போன்ற இணையத்தளங்கள் திறக்கவும் மறுக்கும். ஏனென்றால் அவற்றின் பாதுகாப்புச் சான்றுகளுக்குக் காலவரையறை உண்டு.

எஃப் 1-ஐ அமுக்கினோம். விண்டோஸ் வந்தது, பாதி ராமோடு நொண்டி நொண்டித்தான் வந்தது, ஆனால் வந்தது. ஆசிரியை வேறு எதையும் தொட விடவில்லை. முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுக்கச் சொன்னார்.

அதற்குள் செய்தி தெருவில் பரவி, குழுவைச் சேர்ந்த நாலைந்து பேர் மீன் கூடையோடு வாசலில் நின்றார்கள். வயதான ஒருவர் எட்டிப் பார்த்து, “என்னா கண்ணு, எங்க கணக்கெல்லாம் உள்ள இருக்கா, இல்ல கடலோட போயிடுச்சா?” என்று கேட்டார். தோழியின் தாயார் திரையைப் பார்த்து, “இருக்குது ஆயா. போன ஆடி மாசம் வாங்குன மூவாயிரத்துல உனக்கு ஆயிரத்து இருநூறு பாக்கி” என்றார். “அட, அந்த ஒரு வரி மட்டும் போயிருக்கக் கூடாதா!” என்றார் ஆயா. வாசலே சிரித்தது. தோழியின் தாயார் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

ரப்பருக்கும் புதிய பாட்டரிக்குமாகச் செலவு 40 ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நாங்கள் எண்ணவில்லை. அவசரத்தில் மூன்றாம் படியைத் தாண்டி ஓடியிருக்கலாம். நம் ஊரில் பொறுமையோடு பழுது பார்ப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் நாம் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: ‘எதைக் கொண்டு இந்தப் பாகம் பழுது என்று கண்டீர்கள்? வேறு நல்ல பாகத்தைப் போட்டுச் சோதித்தீர்களா? டிஸ்க்கில் உள்ளவற்றுக்கு ஆபத்து இல்லாமல் செய்ய முடியுமா?’ மதர்போர்டு போனால்கூட டிஸ்க்கை அழிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணிப்பொறியில் இணைத்தாலே கோப்புகளை எடுத்துவிடலாம்.

செய்யக் கூடாதவை

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் அதிலுள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். அது உயிருக்கே ஆபத்து. கருகிய நாற்றமோ புகையோ வந்தால் மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். வெள்ளத்திலோ கடல்நீரிலோ நனைந்த கணிப்பொறியை உலர்ந்ததா என்று சோதிக்கப் போட்டுப் பார்ப்பது அதைக் கொல்வதற்குச் சமம். ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று தட்டும் ஒலி எழுப்பினால், ஒவ்வொரு முறை போடும்போதும் அழிவு கூடுகிறது. உடனே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். புயல் நாளில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது ப்ளக்கையே பிடுங்கி வையுங்கள். தானே புயலில் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அத்தகைய இருளுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது, அது ஒரு சீராக நிற்கும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

உலகமே விழிக்காத ஒரு நாள்

இந்தப் படிமுறை ஏழை வீட்டின் பழைய பெட்டிக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் விழிக்க மறுத்து நீலத்திரை காட்டி நின்றன. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் திணறின; நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார்கள். அவற்றில் இரும்பும் கம்பியும் பழுதாகவில்லை. முதல் நான்கு படிகள் சரி. ஐந்தாம் படியில் ஒரே ஒரு கோப்பு மட்டும் தவறு. அதைக் கண்டுபிடித்தபின், ‘சேஃப் மோட்’ எனப்படும் குறைந்த நிலையில் கணிப்பொறியை எழுப்பி, அந்தக் கோப்பை நீக்கி, மறுபடி தொடங்கினார்கள். பல இடங்களில் ஒவ்வொரு கணிப்பொறியின் முன்பும் ஒரு மனிதர் உட்கார்ந்து இதைக் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களும் இறுதியில் செய்தது, எந்தப் படியில் நின்றது என்று பார்த்து அங்கே கை வைத்ததுதான்.

முடிவாக

தோழியரே, பெற்றோரே! கணிப்பொறி என்றேனும் ஒரு நாள் நிரந்தரமாகக் கண்ணை மூடத்தான் போகிறது. அதை நம்மால் தடுக்க முடியாது. அதற்குள் இருப்பதைக் காப்பாற்றுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. தோழியின் தாயார் இப்போது கணக்கை மூன்று இடங்களில் வைத்திருக்கிறார்: கணிப்பொறியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மாதந்தோறும் அச்செடுத்துக் குழுத் தலைவியின் வீட்டுப் பெட்டியில் ஒன்று. ஒரே கூரையின் கீழ் மூன்றையும் வைக்கக் கூடாது என்பதைத் தானே புயல் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. வாரம் இருமுறையாவது கணிப்பொறியைச் சற்று நேரம் ஓட விடுகிறார். ஐப்பசி பிறக்குமுன் பெட்டியைத் திறந்து தூசி தட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார். அதற்கு ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டார்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாங்கள் அன்று கற்றதும் அதுவே. பழுது வந்தால் யார் கெடுத்தார்கள் என்று கேட்பதை விட்டு, எதுவரை சரியாக நடந்தது என்று கேட்டால், பயம் விலகி வேலை தொடங்குகிறது. அந்தத் திங்கட்கிழமை வங்கியிலிருந்து வந்தவர்கள் கணக்கைப் பார்த்தார்கள். ஒரு ரூபாயும் பிசகவில்லை.

— கணிப்பொறிப் பிரிவு மாணவியர், பதினோராம் வகுப்பு